ரேஹியருக்கு வந்த காய்ச்சல்

பிபிசி ஷெர்லாக் சீரியல் பார்த்தவங்களுக்கு அந்த மொட்டைமாடி ஞாபகம் இருக்கும். ஹோம்ஸ் கீழே குதிக்கிற சீன். அந்தக் கட்டடம் லண்டன்ல ஸ்மித்ஃபீல்டுங்கிற இடத்துல இருக்கிற செயின்ட் பார்த்தலோமியோ ஆஸ்பத்திரி. செல்லமா பார்ட்ஸ். கதையில வாட்சனும் ஹோம்ஸும் முதல்முதலா சந்திக்கிறதும் இதே ஆஸ்பத்திரி லேப்லதான்.

இன்னிக்கு த்ரெட் அந்த ஆஸ்பத்திரியைப் பத்தி இல்ல. அதுக்குப் பக்கத்துலயே, அதே ஆள், அதே வருஷம், அதே வேண்டுதலுக்காக ஆரம்பிச்ச ஒரு தேவாலயத்தைப் பத்தி. செயின்ட் பார்த்தலோமியோ தி கிரேட். 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' படத்துல ஹியூ கிராண்ட் மாப்பிள்ளையா நின்னுட்டு கல்யாணம் நடக்காமப் போகுமே, அந்த சர்ச்.

கொஞ்சம் நீளமான த்ரெட். நைட் டியூட்டில இருக்கிறவங்க சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

1120கள். இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றி. அவரோட அரசவையில ரேஹியர்னு ஒருத்தர். பாட்டு, வேடிக்கைப் பேச்சுன்னு பெரிய மனுஷங்களைச் சிரிக்க வெச்சுப் பிழைச்சவர்னு பழைய கதை சொல்லுது. இவர் திடீர்னு மனசு மாறி ரோமுக்குப் புனித யாத்திரை போறார். அங்க 'மூன்று ஊற்றுகள்'ங்கிற இடத்துக்குப் போனப்ப கடுமையான காய்ச்சல். பொழைப்போமாங்கிற நிலைமை. "உயிரோட ஊருக்குத் திரும்பினா ஏழைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டறேன்"னு வேண்டிக்கிறார்.

நம்ம ஆளுங்களுக்கு ரோம், சதுப்பு நிலம், காய்ச்சல்னு சொன்னதுமே டயக்னோசிஸ் வந்திருக்கும். அந்த இடம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் மலேரியாவுக்குப் பேர் போன இடம். ரேஹியருக்கு வந்ததும் மலேரியாவாத்தான் இருக்கணும்னு இப்ப பலரும் நினைக்கிறாங்க. பிளட் ஸ்மியர் பார்க்க வழியில்ல, அதனால 'ப்ராபபிள்' அப்படின்னு மட்டும் எழுதி வெச்சுக்கலாம்.

குணமாகித் திரும்பி வர்ற வழியில இன்னொரு சம்பவம். கனவுல புனித பார்த்தலோமியோ வந்து, ஸ்மித்ஃபீல்டுல எனக்கு ஒரு தேவாலயம் கட்டுன்னு சொன்னதா, அந்த மடத்துத் துறவி ஒருத்தர் பிற்பாடு எழுதி வெச்சிருக்கார். இப்படி ஒரு காய்ச்சல், ஒரு கனவு, ரெண்டும் சேர்ந்து 1123ல ரெண்டு நிறுவனம் பிறக்குது. ஒண்ணு ஆஸ்பத்திரி. இன்னொண்ணு அகஸ்டின் சபைத் துறவிகளோட மடம். தலைவருக்குப் பேர் 'பிரயர்', அதனால மடத்துக்குப் பேர் 'பிரயரி'. முதல் பிரயர் ரேஹியரே.

இடம் எப்படிப்பட்டது? லண்டன் மதிலுக்கு வெளியே. சேறும் சகதியும். பக்கத்துல குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை. தூக்குமேடையும் அங்கதான். ஊருக்குள்ள யாருக்கும் வேண்டாத நிலத்தைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பாங்கங்கிறது 900 வருஷப் பழைய வழக்கம்போல.

ஆஸ்பத்திரியோட ஆரம்பகால ஸ்டாஃப் பேட்டர்ன் பாருங்க. ஒரு மாஸ்டர், எட்டு சகோதரர்கள், நாலு சகோதரிகள். வேலை என்னன்னா, ஏழை நோயாளிகளைக் குணமாகும்வரை வெச்சிருக்கணும். கர்ப்பிணிகளைப் பிரசவம் ஆகும்வரை பார்த்துக்கணும். பிரசவத்துல அம்மா இறந்துட்டா, குழந்தையை ஏழு வயசு வரைக்கும் ஆஸ்பத்திரியே வளர்க்கணும். இந்தக் கடைசி வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன். மெட்டர்னல் டெத் ஆடிட் மீட்டிங்ல உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும், அம்மா கேஸ் ஷீட் மூடினப்புறம் குழந்தை என்ன ஆச்சுங்கிற கேள்விக்கு அங்க ஒரு காலம் கூட இருக்காது.

சரி, கட்டடத்துக்கு வருவோம். நான் நேர்ல போனதில்ல. தரை வரைபடத்தையும் போட்டோக்களையும் வெச்சு எக்ஸ்ரே படிக்கிற மாதிரிப் படிச்சதுதான். ஆனா இந்தக் கட்டடம் அப்படிப் படிக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

இடைக்காலத்துப் பெரிய தேவாலயம் ஒண்ணை மேலேயிருந்து பார்த்தா சிலுவை மாதிரி இருக்கும். சிலுவையோட தலை கிழக்குப் பக்கம். அதுதான் 'க்வயர்', துறவிகள் உட்கார்ந்து நாள் முழுக்க ஜெபம் பாடுற இடம். நீளமான உடம்பு மேற்குப் பக்கம், அது 'நேவ்', பொதுமக்கள் நிக்கிற இடம். லத்தீன்ல கப்பல்னு அர்த்தமுள்ள சொல்லுல இருந்து வந்த பேர். ரெண்டு கைகள் 'டிரான்செப்ட்'. எல்லாம் சந்திக்கிற நடு இடம் 'கிராசிங்'.

கட்டறதைக் கிழக்குலதான் ஆரம்பிப்பாங்க. பலிபீடம் அங்கதானே. அது முடிஞ்சா பூஜையை ஆரம்பிச்சுடலாம். மீதியைக் காசு வர வர மேற்கு நோக்கி நீட்டிக்கிட்டே போகலாம். அதனால கிழக்குல இருந்து மேற்கே நடந்தா காலத்துல முன்னோக்கி நடக்கறோம்னு அர்த்தம்.

ரேஹியர் காலத்து க்வயர் இன்னிக்கும் நிக்குது. உள்ளே போனதும் கண்ல படறது தூண்கள்தான். அலங்காரமே இல்லாத, குட்டையான, உருண்டையான, யானைக்கால் மாதிரித் தூண்கள். அதுக்கு மேல அரைவட்ட வளைவுகள். இதுதான் நார்மன் பாணி. இதோட தத்துவம் சிம்பிள்: பயம். வளைவு எப்பவும் பாரத்தைக் கீழே மட்டும் தள்ளாது, பக்கவாட்டுலயும் உதைக்கும். எவ்வளவு உதைக்கும்னு கணக்குப் போட அன்னிக்கு யாருக்கும் தெரியாது. அதனால சுவரையும் தூணையும் தேவைக்கு மேல தடிமனாக் கட்டிட்டாங்க. நார்மன் தூண்கள்ல பொதுவா வெளியே செதுக்கின கல், உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பினது. வெளியே கெட்டி, உள்ளே வேற. நீள எலும்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தவங்களுக்குப் புதுசா இருக்காது.

தூண் வரிசைக்கு மேல ரெண்டாவது மாடி மாதிரி ஒரு அடுக்கு. அதுக்கு 'டிரைஃபோரியம்'னு பேர். ஒவ்வொரு பெரிய வளைவுக்குள்ளயும் நாலு சின்ன வளைவு. கீழே இருக்கிற கனத்துக்கு மேல இந்தச் சின்ன வளைவுகள் வரிசையாப் போகும்போது, கல்லு மூச்சு விடற மாதிரி இருக்கு. அதுக்கும் மேல வெளிச்சத்துக்கு ஜன்னல் அடுக்கு, அது மட்டும் 1405 வாக்குல மாத்திக் கட்டினது. நடுக் கூரை கல்லு இல்ல, மரம்.

கிழக்கு முனை நேர்ச்சுவரா இல்லாம அரைவட்டமா வளையுது. அந்த வளைவைச் சுத்தி ஒரு நடைபாதை. அதுக்குப் பேர் 'ஆம்புலேட்டரி'. ஆமா, சர்ஜரி வார்டுல "பேஷன்ட்டை ஆம்புலேட் பண்ணுங்க சிஸ்டர்"னு எழுதறோமே, அதே லத்தீன் 'நடத்தல்'. யாத்திரை வந்தவங்க பூஜைக்குத் தொந்தரவு இல்லாமச் சுத்தி வர்றதுக்கான வழி. ஆம்புலன்சும் இதே குடும்பம்தான்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. கட்டடக்காரங்க சொல்லையும் உடற்கூறு சொல்லையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா யார் யார்கிட்ட கடன் வாங்கினாங்கன்னு சிரிப்பு வரும். ஃபோர்னிக்ஸ்னா லத்தீன்ல வளைவு, வளைகூரை. மூளைக்குள்ள ஒரு ஃபோர்னிக்ஸ், கண்ணிமைக்கு உள்ளே ஒண்ணு, கருப்பை வாயைச் சுத்தி நாலு. மண்டையோட்டு மேல்பகுதி 'வால்ட்'. தேவாலய வாசல் வளைவுக்குள்ள இருக்கிற அரைவட்டப் பலகை டிம்பானம், நம்ம காதுக்குள்ளயும் டிம்பானம். காதுலயே வெஸ்டிப்யூல்னு ஒரு திண்ணை வேற. ஃபர்ஸ்ட் இயர்ல இதையெல்லாம் ஒரு கட்டடம் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தா இவ்வளவு மனப்பாடம் பண்ணியிருக்க வேண்டாம்.

இப்ப எனக்கு இந்தக் கட்டடத்துல ரொம்பப் பிடிச்ச இடம். நடுவுல இருக்கிற கிராசிங். நாலு பக்கம் நாலு பெரிய வளைவு. கிழக்கு, மேற்கு வளைவுகள் அரைவட்டம். வடக்கு, தெற்கு வளைவுகள் உச்சியில கூர்மை. ஏன் இப்படி?

அரைவட்டத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதோட உயரம் எப்பவும் அகலத்துல பாதி. இருபது அடி அகலம்னா வளைவோட உயரம் பத்து அடி. பதினாறு அடின்னா எட்டு அடி. வேற வழியே இல்ல. இங்க கிராசிங் சரியான சதுரம் இல்ல. டிரான்செப்ட் பக்கத்து இடைவெளி குறுகல். நாலு பக்கமும் அரைவட்டம் போட்டா ரெண்டு உயரமும் ரெண்டு குட்டையுமா இருக்கும், மேலே கூரையைச் சமமா உட்கார வைக்க முடியாது. கொத்தனார் என்ன பண்ணார்? குறுகலான பக்கத்துல ரெண்டு வில்லை ஒண்ணோட ஒண்ணு சாய்ச்சு, உச்சியைக் கூராக்கி, உயரத்தைச் சமன் பண்ணிட்டார். கூர்வளைவுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. அகலம் எதுவா இருந்தாலும் வேண்டிய உயரத்துக்குத் தூக்கலாம். உதைப்பும் பக்கவாட்டுல குறைவு.

'கோதிக் வளைவு மேல நோக்கி எழும் ஆன்மாவின் குறியீடு'ன்னு நிறைய பேர் உருகி எழுதியிருக்காங்க. இருக்கட்டும். இங்க அது ஒரு கொத்தனாரோட அட்ஜஸ்ட்மென்ட். அளவு ஒத்துவரல, வேலையை நிறுத்த முடியாது, கையில இருந்ததை வெச்சு முடிச்சார்.

அடுத்த தலைமுறைகள் அந்த அட்ஜஸ்ட்மென்ட்டையே பாணியாக்கிடுச்சு. 13ஆம் நூற்றாண்டுல நேவ் கட்டி முடிச்சப்ப எல்லாமே கூர்வளைவு. 1330கள்ல கிழக்குல மாதாவுக்கு ஒரு சேப்பல் சேர்த்தாங்க. 1405 வாக்குல பெரிய ரிப்பேர். கிழக்கு அரைவட்டத்தைக் கூட அப்ப நேர்ச்சுவரா மாத்திட்டாங்க. ரேஹியருக்குக் கல்லறைச் சிற்பம் வெச்சதும் அப்பதான். அவர் செத்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல ஆன பிறகு! படுத்திருக்கிற உருவம், ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு துறவிகள் மண்டியிட்டுப் புத்தகம் படிக்கிறாங்க. புத்தகத்துல இருக்கிறது பாழிடம் தோட்டமாகிறதைச் சொல்ற ஏசாயா பகுதி. சகதி நிலத்துல கட்டினவருக்குப் பொருத்தம்தான்.

கடைசியாச் சேர்த்தது ஒரு ஜன்னல். 1505ல இருந்து 1532 வரைக்கும் பிரயரா இருந்த வில்லியம் போல்டன், மேல்தளத்துல க்வயரை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கூண்டு ஜன்னல் வெச்சார். அதுக்குக் கீழே ஒரு பீப்பாய், அதைத் துளைச்சுக்கிட்டு ஒரு அம்பு. குறுக்குவில் அம்பு 'போல்ட்', பீப்பாய் 'டன்'. போல்ட்-டன். தன் பேரைப் படப்புதிரா கல்லுல செதுக்கிட்டார் மனுஷன். ஸ்டிக்கர் ஒட்டற பழக்கம் நம்மகிட்ட மட்டும் இல்ல.

அவர் அந்த ஜன்னல்ல நின்னு பார்த்தது ரொம்ப நாள் நீடிக்கல. எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் கலைக்கிறார். 1539ல இந்த மடமும் சரண். இதை வாங்கினது யார்? ரிச்சர்ட் ரிச். தாமஸ் மோர் தலை போறதுக்குக் காரணமான சாட்சியம் சொன்ன அதே ரிச். பறிமுதல் பண்ணின மடச் சொத்துகளை நிர்வகிக்கிற அலுவலகத்துக்குத் தலைவரா இருந்தவர். 1544ல அந்தச் சொத்துல ஒண்ணைத் தானே வாங்கிக்கிட்டார், ஆயிரத்து அறுபத்துச் சொச்சம் பவுண்டுக்கு. கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்டுன்னு ஒரு படிவம் அப்ப கிடையாது.

நேவ் முழுக்க இடிச்சாச்சு. கல்லுக்குக் காசு உண்டு. ஒரு துண்டு மட்டும் மிச்சம். க்வயர் மட்டும் ஏன் தப்பிச்சது? அழகுக்காக இல்ல. மடத்து வளாகத்துக்குள்ளயே வாழ்ந்த சாதாரண ஜனங்களுக்கு ஒரு பாரிஷ் சர்ச் வேணும். அவங்களுக்கு க்வயரைக் கொடுத்துட்டாங்க. துறவிகளோட இடம் ஜனங்களுக்குப் போச்சு, ஜனங்களோட இடம் கல்லாப் போச்சு. இன்னிக்கு சர்ச்சுக்கு முன்னாடி இருக்கிற கல்லறைத் தோட்டமும் பாதையும்தான் அந்த நேவ். அதுல நடந்து போறவங்க கூரையில்லாத தேவாலயத்துக்குள்ள நடக்கறாங்க.

ஆஸ்பத்திரி? அதுக்கும் வருமானம் நின்னுபோச்சு. 1538லயே லண்டன் மேயர் ரிச்சர்ட் கிரஷம் ராஜாவுக்கு மனு போட்டார்: ஏழை நோயாளிகள் தெருவுல கிடக்கறாங்க, இந்த ஆஸ்பத்திரிகளை நகரத்துக்குக் கொடுங்கன்னு. ஃபைல் நகர எட்டு வருஷம். 1546 டிசம்பர்ல ஒப்பந்தம், 1547 ஜனவரியில அரச ஆணை, அதே மாசக் கடைசியில ராஜா காலி. அந்த ஒரு மாசம் தள்ளிப்போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே முடியல. வில்லியம் ஹார்வி இங்க வேலை பார்த்துக்கிட்டேதான் 1628ல இரத்த ஓட்டத்தைப் பத்திப் புத்தகம் போட்டார். பெர்சிவல் பாட் இங்க சர்ஜனா இருந்தப்பதான் 1775ல புகைபோக்கி சுத்தம் பண்ற பசங்களுக்கு வர்ற கேன்சரை விவரிச்சார். ஆஸ்பத்திரி வாசல்ல இன்னிக்கும் 'நிறுவனர்' கெத்தோட எட்டாம் ஹென்றி சிலை நிக்குது. மனு போட்ட கிரஷமுக்கு அங்க சிலை இல்ல.

தேவாலயத்தோட அடுத்த முந்நூறு வருஷம் கொஞ்சம் அவமானமானது. வடக்குக் கையில கொல்லன் பட்டறை. மேல்மாடத்துல பள்ளிக்கூடம். மடத்து முற்றத் தாழ்வாரத்துல குதிரை லாயம். மாதா சேப்பல் வீடாகி, அப்புறம் அச்சகமாச்சு. 1725ல அந்த அச்சகத்துல வேலை பார்த்த 19 வயசுப் பையன் பேர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பிற்பாடு அதே இடம் துணிக்குக் குஞ்சம் செய்ற ஃபேக்டரி. அதோட மாடி பலிபீடத்துக்கு மேலேயே நீட்டிக்கிட்டு இருந்தது. கேட்கக் கஷ்டமா இருக்கும். ஆனா என் கணக்குல இதுதான் கட்டடத்தைக் காப்பாத்துச்சு. வாடகைக்கு ஆள் இருந்ததால இடிக்கல.

இந்தக் காலத்து நினைவுச்சின்னம் ஒண்ணு நம்ம தொழில்காரருக்கு. எட்வர்ட் குக், தத்துவவாதி, டாக்டர், இறப்பு 1652. பார்க்கிறவங்க அழணும், இல்லேன்னா இந்தக் கல்லே அழும்ங்கிற அர்த்தத்துல கீழே கவிதை. கல்லு நிஜமாவே அழுதுச்சு! ஈரக்காத்து குளிர்ந்த பளிங்குல பட்டு நீர்த்துளி. விக்டோரியா காலத்துல பக்கத்துல ஹீட்டர் வெச்சாங்க, அழுகை நின்னுபோச்சு. என்ன ஒரு ட்ரீட்மென்ட்.

1880கள், 90கள்ல ஆஸ்டன் வெப் மீட்டெடுத்தார். பக்கிங்காம் அரண்மனைக்கு இப்ப இருக்கிற முகப்பைச் செஞ்ச அதே வெப். பட்டறை, ஃபேக்டரி எல்லாம் காலி. டிரான்செப்ட்கள் சின்னதாத் திரும்பக் கட்டினது. கிழக்கு அரைவட்டத்தோட மேல் அடுக்குகள் முழுமையாச்சு. அதாவது போட்டோவுல அழகா வளையற அந்தக் கிழக்கு முனையோட மேல்பாதி 12ஆம் நூற்றாண்டு இல்ல, 19ஆம் நூற்றாண்டு. இது ஏமாத்து வேலைன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. எலும்பு முறிஞ்ச இடத்துல கூடினதும் எலும்புதான். கோடு தெரிஞ்சா போதும்.

முதல் உலகப் போர்ல ஜெர்மன் செப்பலின் பலூன் பக்கத்துல குண்டு போட்டுச்சு. தெரு முனையில இருந்த சாதாரணக் கடைவீட்டு முகப்பு உதிர்ந்துச்சு. உள்ளே இருந்து வெளிவந்தது 1595ல கட்டின மரச்சட்ட வீடு. அது உட்கார்ந்திருக்கிறது 13ஆம் நூற்றாண்டுக் கல்வளைவு மேல, அந்தக் காணாமப் போன நேவோட வாசல். இன்னிக்கும் சர்ச்சுக்கு அது வழியாத்தான் போகணும். வாசல் இங்க, கட்டடம் எங்கேயோ தள்ளி. நடுவுல இருக்கிற தூரம்தான் ரிச் வித்தது.

ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு கண்டம் வந்துச்சு. 1992ல ஒரு அரசு அறிக்கை பார்ட்ஸையே மூடச் சொல்லுச்சு. லண்டன்காரங்க விடல. எமர்ஜென்சி பிரிவு 1995ல போச்சு, ஆஸ்பத்திரி இருக்கு, இப்ப இதயத்துக்கும் கேன்சருக்கும் பெரிய சென்டர். 2023ல ரெண்டுக்கும் சேர்த்து 900 வயசு.

காய்ச்சல் கதைக்கு ஒரு பாக்கி இருக்கு. 1870கள்ல பார்ட்ஸ்ல மருத்துவம் படிச்ச ஒரு சுமாரான மாணவர், 1881ல இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல சேர்ந்து மெட்ராஸ் மாகாணத்துக்குப் போஸ்டிங் வாங்கினார். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்ல ஒரு கொசுவோட வயித்தைப் பிரிச்சு மைக்ரோஸ்கோப்புல வெச்சார். மலேரியாக் கிருமி தெரிஞ்சுது. ரொனால்ட் ராஸ். ரேஹியர் மடத்துக்கு அஸ்திவாரம் போட்டு அப்ப 774 வருஷம்.

லண்டன்ல யாராவது இருந்தா, உள்ளே போறப்ப படி இறங்கிப் போகணும், பார்த்து. வெளித்தரை அவ்வளவு உயர்ந்துபோச்சு. உள்ளே தங்கநிறத்துல ஒரு சிலை இருக்கும், டேமியன் ஹர்ஸ்ட் செஞ்ச பார்த்தலோமியோ. தோலை உரிச்சுக் கொன்னாங்கங்கிறது அவர் கதை. உரிச்ச தோல் ஒரு கை மேல, இன்னொரு கையில ஸ்கால்பெல். அனாட்டமி டிஸெக்ஷன் ஹால் ஞாபகம் வரும். அப்புறம் நேரா கிராசிங்குக்குப் போய் நடுவுல நின்னு, வடக்கு வளைவையும் கிழக்கு வளைவையும் மாறி மாறிப் பாருங்க. நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து கமெண்ட்ல போட்டா சந்தோஷம்.